மண் பாலத்தில் ஒரு வாக்குமூலம்

"எங்கப்பா கொலை பண்ணல. ஆனா பண்ணினேன்னு அவரேதான் சொல்றாரு. இப்ப நான் யாரை நம்பணும்?"

கேட்டவள் ஒரு சிற்பி. முப்பது வயதிருக்கும். நகங்களுக்கு அடியில் காய்ந்த களிமண் இன்னும் போகவில்லை. அழுது முடித்துவிட்டு, இனி அழ நேரமில்லை என்று எழுந்து வந்தவளின் முகம்.

டீச்சர் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதாவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டு, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். தொழில் மாறியும் பட்டம் மாறவில்லை. குணமும் மாறவில்லை. விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பையனுக்கு அந்தக் காலத்தில் முட்டைதான் போடுவார்.

"முதல்லேருந்து சொல்லும்மா. நிதானமா."

"நிதானத்துக்கு ஒரு டீ சொல்லட்டுமா?" என்றான், கதவில் சாய்ந்து நின்ற ரேடியோ. ஒரு காலத்தில் விளம்பர வண்டியில் மைக் பிடித்தவன். வண்டியை விற்றுவிட்டார்கள், குரலை விற்க முடியவில்லை. டீச்சருக்கு உதவியாளன், காரோட்டி, தலைவலி எல்லாம் அவன்தான். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. யாராவது குள்ளம் என்றால், "சுருக்கம்" என்று திருத்துவான்.

"எனக்கு எதுவும் வேணாம்ணா," என்றாள் சிற்பி. பிறகு சொன்னாள்.

நகரத்தின் நடுவில் புதிதாக எழும்பியிருக்கும் கலைக்கூடம் அவளுடைய அப்பாவின் கட்டடம். பெரிய ஆர்க்கிடெக்ட். தூணே இல்லாத ஒரு ஹால், நான்கு மாடி உயரம். அந்த உயரத்தில் ஹாலைக் குறுக்கே கடக்கும் ஒரு பாலம். நாளைக் காலை திறப்பு விழா. அமைச்சர் வருகிறார். முதல் கண்காட்சி மகளுடையது. பாலம் முழுக்க ஈரக் களிமண்ணைப் பரப்பி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் அதன்மேல் நடப்பார்கள். பதிகிற கால்கள்தான் சிற்பம். கண்காட்சி அறிவிப்புக்கே கிடைத்த வரவேற்பைப் பார்த்து, அந்த மண் தரையை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் கலைக்கூடக் குழு முடிவு செய்துவிட்டது.

நேற்று மதியம் அந்தப் பாலத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். கட்டட அனுமதி அலுவலகத்தின் ஆய்வு அதிகாரி. கட்டடம் கட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்குக் 'கறார்' என்று பெயர்.

"அவருக்கும் அப்பாவுக்கும் ரெண்டு வருஷம் சண்டை," என்றாள். "பாலத்தோட கைப்பிடிச் சுவருக்காக. அப்பா அதை ரொம்பத் தாழ்வா வைக்கணும்னாரு. நடக்கிறவனுக்கும் ஹாலுக்கும் நடுவுல எதுவுமே தெரியக் கூடாதாம். கறார் விடல. சட்டப்படி மூணரை அடி, ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் கையெழுத்து கிடையாதுன்னுட்டாரு. கடைசியில அப்பா விட்டுக் கொடுத்துட்டாரு. மூணரை அடியே கட்டினாரு. கறார் வந்து அளந்து சான்றிதழும் கொடுத்துட்டாரு."

"எப்போ?"

"நாலு மாசம் ஆச்சு."

"அப்ப முடிஞ்சுபோன சண்டை."

"அதான் எனக்குப் புரியல. நேத்து காலையில ஹால்ல நின்னு ரெண்டு பேரும் கத்தியிருக்காங்க. மதியம் அவர் கீழ கிடந்தாரு. போலீஸ் வந்ததும் அப்பா, நான்தான் தள்ளினேன்னுட்டாரு." அவள் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அப்பாவுக்குக் கோபம் வந்தா தட்டு பறக்கும், வரைபடம் கிழியும். மனுஷங்க மேல கை வெச்சதே இல்ல. அம்மா போன பிறகு தனியாளா என்னை வளர்த்தாரு. ஒரு அடி அடிச்சதில்ல."

"அப்புறம் ஏன் ஒத்துக்கணும்?"

அவள் தயங்கினாள். "நான் பண்ணினேன்னு நினைச்சிருப்பாரு. நேத்து மதியம் நானும் கட்டடத்துலதான் இருந்தேன். என்னைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்லியிருக்காரு. வேற என்ன இருக்க முடியும்?"

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "விடையை மட்டும் எழுதிக் கொடுத்திருக்காரு உங்கப்பா. வழி எங்கேன்னு போய்ப் பார்ப்போம்."

கலைக்கூட வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்ததும் கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். எட்டாம் வகுப்பில் அவரிடம் கணக்குப் படித்தவர். இருபது வருஷமாகியும் முதுகு தானாக நிமிர்ந்தது.

"டீச்சர், நீங்களா? கேஸ் முடிஞ்ச மாதிரிதான். ஆளே ஒத்துக்கிட்டாரு."

"காரணம்?"

"அதுவும் கிடைச்சிருச்சு. காலையில நடந்த சண்டையை வாட்ச்மேன் கேட்டிருக்காரு. கறார் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. 'குறைச்சுட்டீங்க, குறைச்சுட்டீங்க'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்காரு. பெரியவர், 'ஒரு துளிகூடக் குறைக்கல'ன்னு கத்தியிருக்காரு. பேசின லஞ்சத்தைக் குறைச்சுட்டாரு போல."

"கறார் கை நீட்டுவாரா?"

சப்-இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். "அப்படி யாரும் சொல்லல டீச்சர். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாராம்."

"பட்டினி கிடக்கிறவன், சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சண்டை போட்ட மாதிரி இருக்கே சார்," என்றான் ரேடியோ.

டீச்சர் சிரிக்கவில்லை. "செத்தவர்கிட்ட என்ன இருந்துச்சு?"

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார். ஒரு சாவிக்கொத்து. உடைந்த மூக்குக் கண்ணாடி. ஓர் இரும்பு டேப். அதன் நாக்கு வெளியே நீட்டியபடியே நின்றிருந்தது.

"விழுந்ததுல சிக்கிக்கிட்டது," என்றார்.

டீச்சர் பையைத் திருப்பிப் பார்த்தார். டேப்பின் பக்கவாட்டுப் பொத்தான் அழுத்தியிருந்தது. அளவு நழுவாமல் இருக்க, அளக்கிறவர்கள் தாங்களே அழுத்துகிற பொத்தான் அது. நீட்டிய நீளம் இரண்டேகால் அடி. பையைத் திருப்பிக் கொடுத்தார்.

சிற்பி உள்ளே வர மறுத்துவிட்டாள். காரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஹாலுக்குள் நுழைந்தார்கள். சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் மேலே போயின. கூரையிலிருந்து இறங்கிய வெளிச்சம் தரை வரை வந்து சேர்வதற்குள் மங்கிவிட்டது. குறுக்கே, மிக உயரத்தில், அந்த வெள்ளைப் பாலம். கீழே பளிங்குத் தரையில் ஓர் இடத்தை மட்டும் கழுவித் துடைத்திருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. அதற்குப் பத்தடி தள்ளி, நாளைய விழாவுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மனுஷன் செத்திருக்கான். விழாவைத் தள்ளி வைக்க மாட்டாங்களா?" என்றான் ரேடியோ.

"அமைச்சரோட தேதி மறுபடி கிடைக்காதாம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

ரேடியோ அண்ணாந்து பார்த்தான். "டீச்சர், அந்தப் பாலத்துச் சுவர்ல, வெளிப்பக்கம் ஏதோ அப்பியிருக்கு பாருங்க. அஞ்சு விரலும் தெரியுது. அதுவும் கலையா? கீழ ஒரு பெயர்ப்பலகை வெச்சு, தொடாதீங்கன்னு எழுதிடுவாங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெள்ளைச் சுவரின் வெளிமுகத்தில், மேல் விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே, ஒரு களிமண் கை.

"ரேடியோ, உன்னை ஒருத்தன் அங்கேயிருந்து தள்ளிவிடறான். நீ எதைப் பிடிப்பே?"

"அவனை."

"அவன் சிக்கலைன்னா?"

"சுவரோட விளிம்பை."

"உன் விரல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?"

ரேடியோ காற்றில் கையை வைத்துப் பார்த்தான். "உள்பக்கம்."

"அந்தக் கையோட விரல்?"

அவன் மறுபடி அண்ணாந்தான். வாயிலிருந்த சிரிப்பு போய்விட்டது. "கீழே பார்த்து இருக்கு டீச்சர். சும்மா ஊன்றி வெச்ச மாதிரி."

மேலே ஏறினார்கள். பாலத்தின் வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

"இந்தக் கயிறு வரைக்கும்தான் நானும் வந்தேன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கயிறைத் தாண்டி மண்ணுல வைக்கலாம்னு காலைத் தூக்கினேன். பின்னாடியிருந்து பெரியவர், 'நில்லுங்க, நான்தான் தள்ளினேன்'ன்னாரு. அப்புறம் எதுக்கு மிதிக்கணும்? அந்தப் பொண்ணு மாசக்கணக்கா உழைச்சது."

"அதுவரைக்கும் அவர் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"கல்லு மாதிரி நின்னாரு."

"அதாவது, நீ காலைத் தூக்கினே. அவர் வாயைத் திறந்தாரு."

சப்-இன்ஸ்பெக்டர் அதை யோசிப்பதற்குள் கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அமைச்சரின் பாதுகாப்பு ஆட்கள் வந்துவிட்டார்களாம். அவர் ஓடினார்.

கயிற்றுக்கு அப்பால் மண் வழவழவென்று கிடந்தது. அதன் நடுவே ஒரு வரிசைத் தடம். பெரிய பூட்ஸ். நீளமான எட்டுகள். உயரமான ஆள். பாலத்தின் நடுவரை போய், வலப்பக்கச் சுவரை நோக்கித் திரும்பியிருந்தது. அந்த இடத்தில் குதிகால் லேசாகவும், நுனிக்கால் ஆழமாகவும் பதிந்திருந்தன. பக்கத்தில் நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் கோடு. டேப்பின் முனை நின்ற இடம்.

"எத்தனை பேர் நடந்திருக்காங்க?" என்றார் டீச்சர்.

"ஒருத்தர்." ரேடியோ தடத்தைக் கண்ணால் தொடர்ந்தான். "போன கால் இருக்கு. திரும்பி வந்த கால் இல்ல."

"தள்ளினவரோட கால்?"

"இல்லவே இல்ல. பெரியவருக்கு இறக்கை இருந்தாத்தான் உண்டு."

டீச்சர் கயிற்றருகே குனிந்து பார்த்தார். மண் நேராகக் கான்கிரீட்டின்மேல் கிடக்கவில்லை. அடியில் மரச்சட்டம் அடித்து, பலகை போட்டு, அதன்மேல் பரப்பியிருந்தார்கள். வாசலருகே ஏறி நிற்பதற்காக ஒரு பலகையை மட்டும் மண் பூசாமல் விட்டிருந்தார்கள்.

"ரேடியோ, முதல்ல இங்கே, கான்கிரீட்டுல நில்லு. சுவர் உனக்கு எது வரைக்கும் வருது?"

"நெஞ்சு வரைக்கும். எல்லாச் சுவரும் எனக்கு அப்படித்தானே."

"இப்ப அந்தப் பலகை மேல ஏறு."

ஏறினான். சுவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அடடா! பொறந்ததுலேருந்து முதல் தடவையா ஒரு சுவர் எனக்கு மரியாதை கொடுக்குது டீச்சர். தொடைகிட்டத்தான் நிக்குது. இங்கேருந்து ஹாலைப் பார்த்தா, அய்யோ, என்ன அழகு..."

எட்டிப் பார்த்தான். உடம்பின் மேல்பாதி சுலபமாக வெளியே போனது. கால் பலகையை விட்டு எழும்பியது.

டீச்சர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இருவரும் கான்கிரீட்டில் விழுந்தார்கள்.

"அந்தக் காலடியைப் பார்த்தா, கறார் என்னைவிட ஒரு அடியாவது உசரம்," என்றான் ரேடியோ.

"ஆமா." டீச்சர் முழங்கையைத் தடவிக்கொண்டார். "அவர் பேசினது லஞ்சத்தைப் பத்தி இல்லடா. சுவரைப் பத்தி. குறைச்சுட்டீங்கன்னாரு. பெரியவர் குறைக்கலன்னாரு. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். சுவர் குறையல. தரை உசந்திருக்கு."

போலீஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ரேடியோ வண்டியை மெதுவாக ஓட்டினான். டீச்சர் பின் இருக்கையில் சிற்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த மண்ணுக்கு அடியில மரச்சட்டம் போடணும்னு யார் சொன்னது?"

"அப்பாதான். நான் நாலு விரல் கனத்துக்கு மண் போதும்னேன். தண்ணி வடியணும், உசத்திப் போடுன்னாரு. அவரே அளவு போட்டுக் கொடுத்தாரு." ஒரு கணம் அவள் முகம் கனிந்தது. "அப்பா என் வேலையில அவ்வளவு ஆர்வமா கலந்துக்கிட்டது அதுதான் முதல் தடவை."

"உசந்ததால சுவர் தாழ்ந்துபோச்சுன்னு உனக்குத் தோணலையா?"

"சுவரா?" அவள் புரியாமல் பார்த்தாள். "நான் எப்பவும் முட்டி போட்டுத்தானே வேலை செஞ்சேன். எனக்கு அந்தச் சுவர் கழுத்து வரைக்கும்..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலையத்தில் விசாரணை அறை என்று தனியாக ஒன்றில்லை. பழைய மேஜைகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையில் ஆர்க்கிடெக்டை உட்கார வைத்தார்கள். கண்ணாடியையும் பெல்ட்டையும் வாங்கி வைத்துவிட்டிருந்தார்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நடந்து வந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏதோ தன் அலுவலகத்தில் இருப்பவர் போல, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"எப்படித் தள்ளினீங்க சார்?"

"பின்னாலேருந்து. ரெண்டு கையால."

"எங்கே நின்னுக்கிட்டு?"

"பாலத்துலதான்."

"மண்ணுல உங்க கால் இல்லையே."

அவர் டீச்சரைக் கூர்ந்து பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கண்களைச் சுருக்க வேண்டியிருந்தது. "நாளைக்கு ஐநூறு பேர் நடந்தப்புறம் யாரோட காலும் இருக்காது," என்றார் அமைதியாக.

"அப்பா." சிற்பி மேஜைமேல் கையை வைத்து முன்னால் குனிந்தாள். "நான்தான் தள்ளியிருப்பேன்னு நினைச்சீங்களா? அதான் ஒத்துக்கிட்டீங்களா? சொல்லுங்கப்பா. நான் இல்ல. நான் அவரைப் பார்க்கவே இல்ல."

"உன்னையா?" அவருக்கு உண்மையிலேயே வியப்பு. "நீ எதுக்கு அவனைத் தள்ளப்போறே? அப்படியெல்லாம் நான் நினைக்கவே இல்லையே."

அவள் கை மேஜையிலிருந்து நழுவியது.

"அப்ப எதுக்கு?"

டீச்சர்தான் பதில் சொன்னார். "உங்க அப்பா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காரும்மா. விபத்துன்னா போலீஸ் சுவரை அளக்கும். கொலைன்னா அளக்காது."

"கொலைன்னா குற்றவாளி நான்," என்றார் ஆர்க்கிடெக்ட். "விபத்துன்னா குற்றவாளி என் கட்டடம். எனக்கு எழுபது ஆகப்போகுது. நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன்? அது முந்நூறு வருஷம் நிக்கும். இதுல எதைக் காப்பாத்தணும்னு ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"சட்டம்?"

"எந்தச் சட்டத்தை மீறினேன்? சொல்லுங்க." அவர் குரலில் முதல் தடவையாகச் சூடு வந்தது. "கட்டட அனுமதி அலுவலகம் கான்கிரீட்டுலேருந்து அளக்கும். அளந்தாங்க, மூணரை அடி இருந்துச்சு. கண்காட்சிக்கு அனுமதி கொடுக்கிறவங்க, பொருள் தீப்பிடிக்குமான்னு மட்டும் பார்ப்பாங்க. பார்த்தாங்க, மண்ணு பிடிக்காது. கட்டடம் அவங்களுக்குச் சம்பந்தமில்ல. கலை இவங்களுக்குச் சம்பந்தமில்ல. ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல ஒன்றேகால் அடி இடம் கிடந்துச்சு. அதை நான் எடுத்துக்கிட்டேன்."

"என்னை வெச்சு எடுத்துக்கிட்டீங்க," என்றாள் மகள்.

"உன் வேலைக்கும் அதனாலதான் அழகு வந்துச்சு! நீயே மேல நின்னு பார்த்திருக்கணும். அந்த உயரத்துல, அந்த ஹால்..." அவர் எழுந்து நின்று, கையால் காற்றில் எதையோ வரைந்தார். பெல்ட் இல்லாத பேன்ட் நழுவவே, சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். "கறார் நேத்து காலையில கீழேருந்து பார்த்துட்டான். விளக்கு மாட்ட வந்தவன் அந்தப் பலகையில நின்னான், தொடை வரைக்கும் தெரிஞ்சான். சான்றிதழ் வாங்கிட்டு நான் சுவரை அறுத்துட்டேன்னு நினைச்சு, அறுத்த தழும்பு வெளிப்பக்கம் இருக்கான்னு பார்க்க..."

"எட்டிப் பார்த்தாரு," என்றார் டீச்சர்.

"ஆமா."

"எட்டிப் பார்த்தாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆர்க்கிடெக்ட் தன் கையைப் பார்த்தார்.

"கீழ நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க," என்றார் டீச்சர். "அவர் குனியறதைப் பார்த்தீங்க. கையை வெளிச்சுவர்ல ஊன்றினதையும் பார்த்தீங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா பின்வாங்கியிருப்பாரு. ஏன் போடல?"

ஆர்க்கிடெக்ட் தலையை நிமிர்த்தினார்.

"என்னன்னு கத்தறது? சுவர் தாழ்வா இருக்கு, ஜாக்கிரதைன்னா?"

ரேடியோ அறையை விட்டு வெளியே போய்விட்டான்.

சிற்பி அழவில்லை. ரொம்ப மெதுவாகப் பேசினாள். "நாளைக்கு ஐநூறு பேர் ஏறுவாங்கப்பா. எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க. பார்க்கணும்னுதானே நீங்க அப்படிக் கட்டியிருக்கீங்க."

"அவங்கவங்க பார்த்து நடக்கட்டும்," என்றார் அப்பா. "அழகான எதுவும் ஆபத்து இல்லாம இருந்ததில்ல. பயந்தவங்களுக்காக நான் கட்டல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் பேசாதேம்மா. நாளைக்கு விழா நடக்கட்டும். உன் பேரும் நிக்கும், என் கட்டடமும் நிக்கும். நான் உள்ளே இருந்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அவள் எழுந்தாள். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள். சப்-இன்ஸ்பெக்டர் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"சார், வெளிச்சம் போறதுக்குள்ள என்கூட பாலத்துக்கு வாங்க. ஒரு டேப்பையும் எடுத்துக்கோங்க. எங்கப்பா யாரையும் தள்ளல. என் மண்ணுதான் அந்தச் சுவரைத் தாழ்த்துச்சு."

"எனக்குப் புரியலம்மா."

"அங்கே வந்தா புரியும்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். "போய் அளந்து பாருடா. இந்தத் தடவை காலைத் தூக்கறப்ப யாரும் தடுக்க மாட்டாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அமைச்சரும் வரிசை நாற்காலிகளும் அவர் கண்ணில் வந்து போனது தெரிந்தது. "அப்படி இருந்தா, கேஸ்ல உங்க பேரும் சேருமேம்மா. தரை உங்களோடதாச்சே."

"சேரட்டும்," என்றாள்.

மறுநாள் காலை அமைச்சரின் வண்டி கலைக்கூட வாசலில் நிற்காமலேயே திரும்பிப் போனது. அழைப்பிதழோடு வந்தவர்கள் கொஞ்ச நேரம் வெயிலில் நின்று, ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் சங்கிலி போட்டு, பூட்டின்மேல் அரக்கு வைத்தார்கள். கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் அறிவிப்பை ஒட்டினான். கறாருக்குக் கீழே வேலை பார்த்தவன். காகிதம் கோணலாக ஒட்டிக்கொண்டது. பிய்த்துவிட்டு மறுபடி நேராக ஒட்டினான்.

கொலை வழக்கை எடுத்துவிட்டார்கள். பொய் வாக்குமூலம், உயிருக்கு ஆபத்தான கவனக்குறைவு என்று வேறு இரண்டு போட்டார்கள். இரண்டாவதில் மகளுடைய பெயரும் இருந்தது. மதியத்துக்குள் இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. கறார் குனிந்ததைப் பார்த்துக்கொண்டே ஆர்க்கிடெக்ட் வாயை மூடி நின்றதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று சப்-இன்ஸ்பெக்டர் வக்கீலிடம் கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று பதில் வந்தது.

நீதிமன்றத்திலிருந்து ஆர்க்கிடெக்ட் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கட்டடத்துக்கு வந்தார். அரக்கைத் தொட்டுப் பார்த்தார். அறிவிப்பைப் படித்தார். பிறகு படிகளில் இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, முழுக் கட்டடமும் தெரிகிற மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டார்.

டீச்சரின் கார் அங்கேதான் நின்றிருந்தது. சிற்பி இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ என்னைக் காப்பாத்தினதா நினைச்சுக்கிட்டிருக்கே," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்குச் செஞ்சே?"

"அந்தாளு தப்பு பண்ணாம செத்தாரு. அதை யாராவது சொல்லணும். இப்ப அவர் வீட்டுக்குப் போறேன். அவரோட மனைவிகிட்ட நானே நேர்ல சொல்லணும். அவர் லஞ்சத்துக்குச் சண்டை போட்டாருன்னு பேப்பர்ல வந்திருக்கு. பசங்க வெளியில தலை காட்ட முடியல. நீங்களும் வாங்கப்பா. நீங்க சொன்னா நம்புவாங்க."

ஆர்க்கிடெக்டின் உதடுகள் எதையோ கணக்குப் போடுவது போல அசைந்தன. கடைசியில் திரும்பினார். ஆனால் மகள் பக்கம் திரும்பவில்லை. காருக்குள் இருந்த டீச்சரைப் பார்த்து, ஜன்னலருகே குனிந்து கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாலத்தை இடிச்சிடுவாங்களா? இல்ல, சுவரை மட்டும் உசத்தினா விட்டுடுவாங்களா?"

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

சிற்பி காரில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"எடுங்கண்ணா," என்றாள்.